ஹம்ப் யார்டில் வேகன்களின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல ஊர்களுக்குப் போகவேண்டிய சரக்கு வேகன்கள் ஒரே ரயிலில் கலந்து வந்து சேரும்போது, அவற்றைப் போகுமிடம் வாரியாகப் பிரித்துப் புதிய ரயில்களாகக் கோக்கும் இடமே மார்ஷலிங் யார்டு. அவற்றுள் ஹம்ப் யார்டு எனப்படுவதில், எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, வேகன்கள் ஒரு செயற்கை மேட்டின் உச்சிக்கு மெல்ல ஏறுகின்றன. உச்சியில் வேகன்களை ஒன்றோடொன்று கோத்திருக்கும் கப்ளிங் விடுவிக்கப்பட்டதும், ஒவ்வொரு வேகனும், அல்லது ஒரே லைனுக்குப் போகவேண்டிய சில வேகன்கள் சேர்ந்த ஒவ்வொரு தொகுதியும், எஞ்சினோ ஆளோ துணைக்கு இல்லாமல் சரிவில் உருண்டு, ஒரு லைனிலிருந்து மற்றொன்றுக்கு வழி திருப்பும் பாயிண்ட்டுகள் பலவற்றைக் கடந்து, தனக்குரிய லைனில் ஏற்கெனவே நிற்கும் வேகன்களோடு போய் இணைகிறது. அந்த இணைப்பு நடக்கும் கணத்தில் வேகன் என்ன வேகத்தில் வருகிறது என்பதே இந்த வேலையின் முழுச் சிக்கலும்.

இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் வட அமெரிக்க யார்டுகளின் நடைமுறை. இந்தியாவில் 1980களிலிருந்து ஒரு முழு ரேக்கையே, அதாவது ஒரு ரயிலின் எல்லா வேகன்களையும் சேர்த்து, ஓரிடத்தில் ஏற்றி ஓரிடத்தில் இறக்கும் முறை வலுப்பெற்றதால், முகல்சராய் போன்ற பெரிய யார்டுகளில்கூட வேகன் பிரிக்கும் வேலை மிகவும் சுருங்கிவிட்டது. அமெரிக்காவில் தனி வேகன்களாகச் சரக்கு அனுப்புவது இன்றும் கணிசமான வணிகமாக இருப்பதால், இந்தக் கலை அங்கே நன்றாக வளர்ந்திருக்கிறது. நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்த் பிளாட் நகரில் யூனியன் பசிபிக் நிறுவனம் நடத்தும் பெய்லி யார்டு ஏறத்தாழ 2,850 ஏக்கர் பரப்பும் 8 மைல் நீளமும் கொண்டது. அங்கே இரண்டு ஹம்ப்கள் அமைக்கப்பட்டன. ஒன்று 34 அடி உயரம், மற்றொன்று 20 அடி உயரம். இந்த உயரங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உடனே தேவைப்படும்.

வேகத்தை உயரமாக எண்ணிப் பழகுதல்

புதியவர்கள் முதலில் செய்யவேண்டியது, கிலோமீட்டரில் சிந்திப்பதை நிறுத்தி மீட்டர் உயரத்தில் சிந்திக்கத் தொடங்குவது. மேட்டின் உச்சியில் நிற்கும் வேகனுக்கு அதன் உயரமே கையில் கொடுக்கப்பட்ட பயணச் செலவுப் பணம். உருளும்போது உண்டாகும் உராய்வு, வளைவு, பாயிண்ட், எதிர்க்காற்று ஆகிய ஒவ்வொன்றும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. மிச்சமிருப்பது வேகமாக வெளிப்படுகிறது. வேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கான 19.62-ஆல் வகுத்தால், அந்த வேகம் எத்தனை மீட்டர் உயரத்துக்குச் சமம் என்பது கிடைக்கும். இங்கே வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொள்ளவேண்டும்.

34 அடி என்பது சுமார் 10.4 மீட்டர். எந்தத் தடையும் இல்லாமல் ஒரு வேகன் அத்தனை உயரம் இறங்கினால், கீழே அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 51 கிலோமீட்டராக இருக்கும். 20 அடி மேட்டுக்கு அதே கணக்கு 39 கிலோமீட்டர் தருகிறது. ஆனால் இணைப்பு நடக்கும்போது மணிக்கு 4 மைல், அதாவது சுமார் 6.4 கிலோமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்பதே அமெரிக்க யார்டுகளில் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. அந்த வேகத்தின் உயர மதிப்பு வெறும் 16 சென்டிமீட்டர். பத்து மீட்டரில் தொடங்கும் வேகன் 16 சென்டிமீட்டரோடு வந்து சேரவேண்டும். உராய்வு தானாகத் தின்பது போக எஞ்சியதை நாம் எடுத்துவிடவேண்டும்; ஒரு மீட்டர் கூடுதலாக எடுத்தாலும் கெடுதல், குறைவாக எடுத்தாலும் கெடுதல்.

அப்படியானால் மேட்டை ஏன் இத்தனை உயரமாகக் கட்டுகிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. மிக மோசமாக உருளும் வேகன், குளிர்காலத்தில், எதிர்க்காற்றில், மிகத் தொலைவிலுள்ள லைன் வரை போய்ச் சேரவேண்டும் என்பதற்காக உயரம் நிர்ணயிக்கப்படுகிறது. ஆகவே மற்ற எல்லா வேகன்களுக்கும் எல்லா நாட்களிலும் அந்த உயரம் மிகை. அந்த மிகையை அளந்து கழிக்கும் கருவிதான் ரிட்டார்டர்.

ரிட்டார்டர் என்ன செய்கிறது

வழக்கமான ரிட்டார்டர், தண்டவாளத்தின் இருபுறமும் அதற்கு இணையாகப் படுத்திருக்கும் நீண்ட எஃகுத் தாடை. காற்றழுத்தமோ, எண்ணெய் அழுத்தமோ, மின்மோட்டாரோ அதை மூடும்போது, கடந்து செல்லும் சக்கரத்தின் இரு பக்கங்களையும் அது பிடித்துத் தேய்க்கிறது. அமெரிக்காவில் இது 1920களின் நடுவில் இண்டியானா ஹார்பர் பெல்ட் ரயில்வேயின் கிப்சன் யார்டில் முதலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு தொகுதியின் மீதும் ஓர் ஆள் ஏறிச் சென்று, ஓடும் வேகனின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைக் கையால் திருகி வேகத்தைக் குறைக்கவேண்டியிருந்தது. பனி உறைந்த வேகன் கூரையிலும் இருட்டிலும் நடந்த அந்த வேலையில் பலர் விழுந்து உயிரையும் உறுப்பையும் இழந்தார்கள். ரிட்டார்டரைச் சிக்கனத்துக்கான இயந்திரமாக மட்டும் பார்ப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

இன்னொரு வகையும் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு அருகே 1965-இல் திறக்கப்பட்ட டின்ஸ்லி யார்டில், டவுட்டி நிறுவனத்தின் சிறிய எண்ணெய்ப் பிஸ்டன்கள் 20,000-க்கும் மேல் தண்டவாளத்தை ஒட்டிப் பதிக்கப்பட்டன. சக்கரத்தின் விளிம்பு பிஸ்டனைக் கீழே அமுக்கும். வேகன் குறித்த வேகத்துக்குள் போனால் பிஸ்டன் எளிதாக இறங்கிவிடும், அதற்கு மேல் போனால் உள்ளேயுள்ள வால்வு மூடிக்கொண்டு எண்ணெயை இறுக்கி எதிர்ப்பு காட்டும். கணினியும் ரேடாரும் இல்லாமலே ஒவ்வொரு பிஸ்டனும் தானே முடிவெடுக்கிறது என்பது அழகான எண்ணம். ஆனால் எண்ணிக்கை அதிகம் என்பதால் பராமரிப்பும் அதிகம். இனி வருவது தாடை வகை ரிட்டார்டர் உள்ள யார்டைப் பற்றியது.

முதல் படி: மேட்டில் ஏறுமுன் வேகனைத் தயார் செய்தல்

நல்ல வேகக் கட்டுப்பாடு மேட்டின் உச்சிக்குப் பின்புறம், ரயில் வந்து நிற்கும் லைனிலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு வேகனின் பிரேக் சிலிண்டரிலும் துணைத் தொட்டியிலும் உள்ள காற்று முழுவதும் வெளியேற்றப்பட்டிருக்கவேண்டும். ஹேண்ட் பிரேக் தளர்த்தப்பட்டிருக்கவேண்டும். பிரேக் கட்டை சக்கரத்தை லேசாக உரசிக்கொண்டிருந்தாலும் அந்த வேகன் பாதி வழியில் நின்றுவிடும். நிற்கும் இடம் பாயிண்ட்டாக இருந்தால் பின்னால் வருவது அதன் மீது மோதும். ரிட்டார்டரால் வேகத்தைக் குறைக்க மட்டுமே முடியும், கூட்ட முடியாது. எனவே மெதுவாக உருளும் வேகனுக்கு மேட்டைத் தாண்டியபின் மருந்தில்லை.

அதே நேரத்தில், ஹம்ப் மீது விடவே கூடாத வேகன்களைப் பட்டியலில் அடையாளம் கண்டு தனியே ஒதுக்கவேண்டும். வெடிபொருள், சில நச்சு வாயுக்கள், பயணிகள் பெட்டிகள், தடைசெய்து அட்டை ஒட்டப்பட்டவை ஆகியவை எஞ்சினோடு இணைந்தபடியே கொண்டுபோய் வைக்கப்படுகின்றன. பட்டியலில் ஐயம் வந்தால் தள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நின்று கேட்பதால் இழக்கும் சில நிமிடங்களைப் பெரிதாக எண்ணவேண்டாம்.

இரண்டாம் படி: உச்சியில் வேகமும் இடைவெளியும்

எஞ்சின் வேகன்களை உச்சிக்கு மேல் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் அளவில் ஒரே சீராகத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 17 மீட்டர் நீள வேகன்கள் நொடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் வந்தால், 13 நொடிக்கு ஒன்று பிரியும். நிமிடத்துக்கு நான்குக்கும் சற்று மேல். முன்னால் போன வேகன் ஒரு பாயிண்ட்டைக் கடந்து, அது அடுத்த வேகனுக்காகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும்வரை பின்னால் வருவது அதைத் தொடக்கூடாது. நன்றாக உருளும் கனமான வேகன் ஒன்று, தயங்கி உருளும் காலி வேகனின் பின்னால் வந்தால் இந்த இடைவெளி விரைவாகக் கரையும். சக்கரம் இருப்பதை மின்சாரத்தால் உணரும் டிராக் சர்க்யூட் பாயிண்ட்டில் உண்டு; அது, மேலே சக்கரம் இருக்கும்போது பாயிண்ட்டைத் திரும்பவிடாது. அதனால் தடம்புரளல் தவிர்க்கப்படும்; ஆனால் பின்னால் வந்த வேகன் தவறான லைனுக்குப் போய்விடும், அல்லது லைன்கள் பிரியும் இடத்தில் முன்னதன் மூலையில் இடிக்கும்.

மூன்றாம் படி: ஒவ்வொரு வேகனும் எப்படி உருளுகிறது என்று அளத்தல்

என் மதிப்பீட்டில் இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாப் பகுதிகளையும்விட இதுவே முக்கியமானது. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு வேகன்கள் உருளும் விதத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் வேறுபடக்கூடும். பேரிங்கின் நிலை, கிரீஸின் வெப்பம், சக்கரத்தின் தேய்மானம், சுமை, காற்றுக்குக் காட்டும் பரப்பு எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. நெடுந்தூரம் ஓடி இப்போதுதான் வந்த வேகனின் பேரிங் சூடாக இருக்கும், எளிதாக உருளும். அதே வேகன் ஓர் இரவு முழுவதும் குளிரில் நின்றபின் வேறொன்றாக நடந்துகொள்ளும்.

எனவே உச்சிக்கும் முதல் ரிட்டார்டருக்கும் இடையே, சாய்வு துல்லியமாகத் தெரிந்த நேரான பகுதியில், சக்கரத்தைக் கண்டறியும் கருவிகளை இடைவெளி விட்டுப் பொருத்துகிறார்கள். இரண்டு இடங்களில் வேகத்தை அளந்து, இரண்டின் உயர மதிப்புகளையும் ஒப்பிட்டு, இடையில் இறங்கிய உண்மையான உயரத்திலிருந்து கழித்தால், வேகன் எவ்வளவு இழந்தது என்பது தெரியும். அதைத் தூரத்தால் வகுத்தால் உருளல் தடை கிடைக்கிறது. ஆயிரம் மீட்டர் ஓடினால் எத்தனை மீட்டர் உயரம் செலவாகும் என்று அதைச் சொல்வது வசதி. அருகிலேயே எடை உணரும் தண்டவாளத் துண்டு வேகனை இலேசு, நடுத்தரம், கனம் என வகைப்படுத்தும். இந்த வகைப்பாடு இல்லாமல் தாடையை முழு அழுத்தத்தில் மூடினால், காலி வேகனின் சக்கரம் நெரிந்து தண்டவாளத்திலிருந்து மேலே எழும்பிவிடும் அபாயம் உண்டு.

நான்காம் படி: எந்த ரிட்டார்டரில் எவ்வளவு எடுப்பது

சரிவின் தொடக்கத்தில் எல்லா வேகன்களும் கடக்கும் மாஸ்டர் ரிட்டார்டர் இருக்கிறது. அதற்குக் கீழே லைன்கள் பிரிந்தபின், ஒவ்வொரு லைன் தொகுதியின் வாயிலிலும் குரூப் ரிட்டார்டர் இருக்கிறது. சில யார்டுகளில் ஒவ்வொரு லைனின் தொடக்கத்திலும் மூன்றாவது ஒன்று வைக்கப்படுகிறது. மாஸ்டர், குரூப் இரண்டின் கடமைகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாஸ்டர் ரிட்டார்டரின் முதன்மை வேலை, வேகன்களுக்கிடையே இடைவெளியைக் காப்பதும், குரூப் ரிட்டார்டரால் தாங்கக்கூடிய வேகத்தில் அவற்றை அனுப்புவதும். இணைப்பு வேகத்தைத் தீர்மானிப்பது குரூப் ரிட்டார்டர். மாஸ்டரிலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், வேகன் பாயிண்ட்டுகளின் மீது ஊர்ந்து செல்லும், பின்னால் வருவது அதைப் பிடித்துவிடும். மிகக் குறைவாக எடுத்தால், குரூப் ரிட்டார்டரின் நீளம் போதாமல் வேகன் அதை மீறிப் போகும்.

ஐந்தாம் படி: வெளியேறும் வேகத்தைக் கணக்கிடுதல்

இதை ஓர் எண்ணுதாரணத்தோடு பார்ப்போம். குரூப் ரிட்டார்டரின் முடிவிலிருந்து, லைனில் நிற்கும் கடைசி வேகன் 400 மீட்டர் தொலைவில் இருக்கிறது. லைன் ஆயிரத்துக்கு 1 என்ற மெல்லிய சரிவில் இறங்குகிறது. ஆகவே வழியில் 0.4 மீட்டர் வரவு. இணைப்பு வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் வேண்டும். அதன் உயர மதிப்பு 0.142 மீட்டர்.

நன்றாக உருளும் வேகனின் தடை ஆயிரத்துக்கு 1.5 என்றால், 400 மீட்டரில் 0.6 மீட்டர் செலவாகும். அது வெளியேறும்போது கையில் இருக்கவேண்டியது 0.142 கூட்டல் 0.6 கழித்தல் 0.4, அதாவது 0.342 மீட்டர். அது மணிக்கு 9.3 கிலோமீட்டர் வேகம். தயங்கி உருளும் வேகனின் தடை ஆயிரத்துக்கு 4 என்றால், செலவு 1.6 மீட்டர், கையில் வேண்டியது 1.342 மீட்டர், வேகம் மணிக்கு 18.5 கிலோமீட்டர். ஒரே லைன், ஒரே தூரம், ஒரே இலக்கு; ஆனால் ஒன்றை மற்றதன் இரு மடங்கு வேகத்தில் விடவேண்டியிருக்கிறது.

இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன நடக்கும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். நன்றாக உருளும் வேகனை 18.5 கிலோமீட்டரில் விட்டால் அது 17 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதும். மோதலின் ஆற்றல் நாம் விரும்பியதைப்போல எட்டு மடங்கு. தயங்கும் வேகனை 9.3 கிலோமீட்டரில் விட்டால் அது 114 மீட்டர் ஓடி நின்றுவிடும். 286 மீட்டர் இடம் வெறுமனே கிடக்கும். சுழலும் சக்கரங்களில் தேங்கும் ஆற்றலையும் வளைவுகளையும் இந்த எளிய கணக்கில் விட்டிருக்கிறேன். நடைமுறையில் அவற்றையும், குறிப்பாகக் காலி வேகன்களுக்குச் சக்கரங்களின் பங்கு அதிகம் என்பதையும் சேர்க்கவேண்டும்.

இந்தக் கணக்குக்கு லைனில் எவ்வளவு தூரம் காலியாக உள்ளது என்ற எண் அவசியம். லைனுக்குள் போன வேகன்களை எண்ணிக் கழிப்பது ஒரு வழி. தண்டவாளத்தில் மின்சாரம் செலுத்தி, மிக அருகில் நிற்கும் ஆக்சில் வரையுள்ள மின்தடுப்பை அளந்து தூரத்தை அறிவது மேலான வழி. எண்ணிக் கழிக்கும் முறையில், முன்னர் ஒரு வேகன் இடையில் நின்றுபோனதைக் கணினி அறியாது. இன்னும் தூரம் இருப்பதாக நம்பி அடுத்ததை வேகமாக அனுப்பும்.

ஆறாம் படி: பிடித்தலும் விடுத்தலும்

வேகன் ரிட்டார்டருக்குள் இருக்கும்போது டாப்ளர் ரேடார் அதன் வேகத்தைத் தொடர்ந்து அளக்கிறது. இலக்கு வேகத்தை நெருங்கியதும் தாடை திறக்கிறது. தாடை திறக்கச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், இலக்கைத் தொடுமுன்பே கட்டளை போகவேண்டும். கையால் இயக்கும்போது புதியவர்கள் தாமதமாக விடுவது வழக்கம். அதன் பலன், சற்றே கூடுதல் வேகம் என்று தோன்றிய வேகன் பாதி வழியில் நிற்பது. தொகுதியில் பல வேகன்கள் இருந்தால், முன்னவை ரிட்டார்டரைத் தாண்டியபின்னும் பின்னவை உள்ளே இருக்கும். எனவே தொடக்கத்திலேயே பெரும்பகுதியை எடுத்து, கடைசி வேகன்களில் சிறு திருத்தம் மட்டும் செய்வதே பாதுகாப்பானது. முன்னவை கனமாகவும் பின்னவை காலியாகவும் இருந்தால் கடைசி வேகன்களில் பிடிப்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அத்தகைய தொகுதியை உச்சியிலேயே இரண்டாகப் பிரித்துவிடுவது நல்லது.

ஏழாம் படி: கணக்கு பொய்க்கும் இடங்கள்

சக்கரத்தின் பக்கங்களில் எண்ணெய், கிரீஸ், பெயிண்ட் படிந்திருந்தால் தாடையின் பிடி வழுக்கும். வேகன் மாஸ்டரில் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்றால், குரூப் ரிட்டார்டரிலும் குறையாது என்று அனுமானித்து, உடனே தள்ளுவதை நிறுத்தி, அந்த லைனை நோக்கி வேறு யாரும் போகாமல் எச்சரிக்கவேண்டும். முடிந்தால் காலியாகவுள்ள நீண்ட லைனுக்கு அதைத் திருப்பவேண்டும்.

மெதுவாகப் போன தவறும் வேகமாகப் போன தவறும் ஒரே எடை உடையவை அல்ல. லைனின் உள்ளே நின்றுபோன வேகனை ஒரு ஷண்டிங் எஞ்சின் தள்ளிச் சேர்த்துவிடும்; நேரம்தான் இழப்பு. வேகமாக மோதிய வேகனின் விளைவை யாராலும் திருப்பியெடுக்க முடியாது. 1972 ஜனவரி 22 அன்று இல்லினாய் மாநிலத்தின் கிழக்கு செயின்ட் லூயிஸ் ஹம்ப் யார்டில், புரோப்பிலீன் ஏற்றிய டாங்கர் ஒன்று அளவுக்கு மீறிய வேகத்தில் நின்றிருந்த காலி வேகனில் மோத, கப்ளர் டாங்கரின் முகப்பைத் துளைத்தது. கசிந்த வாயு வெடித்ததில் இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். 1970களில் நடந்த இத்தகைய விபத்துகளின் பின்னரே, டாங்கர்களின் முகப்புக்குக் காப்புத் தகடும், மேலும் கீழும் விலகாத கப்ளரும் அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்டன. ஆகவே ஐயம் எழும்போது மெதுவான பக்கம் சாயுங்கள். இதற்கு ஒரே விலக்கு, வேகன் பாயிண்ட்டுகளுக்கும் லைன்கள் பிரியும் இடத்துக்கும் இடையே நின்றுவிடக்கூடும் என்ற நிலை. அங்கே நிற்பது வேகமாகப் போவதைப் போலவே ஆபத்து.

லைனின் மறுமுனையில், வேகன்கள் வெளியே உருண்டு போகாமலிருக்கத் தனியாக ரிட்டார்டரோ, தண்டவாளத்தின் மீது வைத்துச் சக்கரத்தைத் தடுக்கும் ஸ்கிட்களோ வைக்கப்படுகின்றன. ரயில் புறப்படுமுன் அவை திறக்கப்பட்டனவா என்று பார்ப்பது யாருடைய கடமை என்பதை எழுத்தில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எஃகு எஃகில் தேயும்போது எழும் கீச்சொலி காதைத் துளைப்பது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ரிட்டார்டர் ஒலிக்கென்றே 83 டெசிபல் வரம்பு விதித்திருக்கிறது. அருகில் வேலை செய்பவர்கள் காதுக்கவசம் அணிவதைப் பழக்கமாக்கிக்கொள்ளவேண்டும். யார்டை ஒட்டி வாழ்பவர்களுக்காக ஒலித்தடுப்புச் சுவர்கள் கட்டப்படுகின்றன.

எட்டாம் படி: எதிர்பார்த்ததையும் நடந்ததையும் ஒப்பிடுதல்

ஒவ்வொரு வேகனுக்கும் கணக்கிட்ட இணைப்பு வேகத்தையும் உண்மையில் அளந்த வேகத்தையும் பதிவுசெய்து, பணிமுறைக்கு ஒருமுறை பாருங்கள். ஒரே ஒரு லைனில் மட்டும் வேகன்கள் தொடர்ந்து குறைவாக ஓடினால், அந்த லைனின் சாய்வு அமிழ்ந்து மாறியிருக்கலாம். தண்டவாள மட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரு குரூப் ரிட்டார்டரின் கீழுள்ள எல்லா லைன்களிலும் வேகம் மிகுந்தால், தாடையின் தேய்மானத்தையோ ரேடாரையோ ஐயுறுங்கள். யார்டு முழுவதும் ஒரே திசையில் பிழை வந்தால், பெரும்பாலும் காரணம் வானிலை: முதல் கடுங்குளிர், அல்லது திசை மாறிய காற்று. அந்நிலையில் தனித்தனி ரிட்டார்டர்களைத் திருத்தத் தொடங்காமல், உருளல் தடைக்கான பொதுத் திருத்த எண்ணை மாற்றி, அடுத்த இருபது முப்பது வேகன்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பாருங்கள். காற்று ஓய்ந்ததும் அந்த எண்ணைப் பழைய நிலைக்குத் திருப்பவேண்டும் என்பதைப் பணிப்பதிவேட்டில் எழுதி, அடுத்து வருபவரிடம் வாயாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.